ஆழமில்லாத துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்: கடலிலேயே சரக்கை இறக்கி உள்ளே கொண்டுபோவது எப்படி?

வங்கதேசத்தின் சிட்டகாங் நகரத்துப் பதேங்கா கடற்கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கப்பல்கள் நிற்கும். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் காத்துக்கிடக்கின்றன என்றுதான் முதலில் தோன்றும். சில கப்பல்கள் அப்படித்தான். ஆனால் கோதுமை, கிளிங்கர் (சிமென்ட் அரைக்கும் மூலக்கட்டி), நிலக்கரி, உரம் என்று மொத்தச் சரக்கோடு வந்த கப்பல்கள் அங்கே சும்மா நிற்பதில்லை. அவற்றின் இரண்டு பக்கமும் சின்னக் கப்பல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே கிரேன்கள் ஆடிக்கொண்டிருக்கும். கர்ணபுலி ஆற்றுக்குள் நுழைய முடியாத கனத்தோடு வந்த கப்பல், கடலிலேயே கொஞ்சம் சரக்கை இறக்கி, இளைத்து, அப்புறம் உள்ளே போகும்.

இந்த வேலைக்கு லைட்டரேஜ் என்று பெயர். சரக்கை வாங்கிக்கொள்ளும் சின்னக் கப்பல் லைட்டர், பெரியது தாய்க்கப்பல். நமக்கு இது புதிதல்ல. 1974-இல் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் வரும் வரை பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளித்தான் நின்றன. தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கின. அங்கே அந்த வேலை முடிந்துவிட்டது. வங்கதேசத்தில் இன்றும் அதுதான் அன்றாடம். வங்காளத்தில் அந்த வெளிக்கடல் பகுதியை ‘பஹிர்நோங்கர்’ என்பார்கள். காது கொடுத்துக் கேட்டால் நம் நங்கூரம் உள்ளே இருக்கும்.

கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் ஆபீசர், ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், சரக்கு இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் இருப்பவர், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு கோதுமைக் கப்பலை எடுத்துக்கொள்வோம். இந்த வேலையில் எல்லோரும் ‘எத்தனை டன் இறக்கணும்?’ என்று கேட்பார்கள். அதற்கு விடை சொல்ல ஒரு கால்குலேட்டர் போதும். ‘எந்த ஹோல்டிலிருந்து, அதாவது கப்பலின் எந்தச் சரக்கறையிலிருந்து இறக்கணும்?’ என்று கேட்பவர் குறைவு. தொல்லை வருவது அங்கிருந்துதான்.

முதலில் எல்லை என்ன என்று கேளுங்கள்

கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறதோ அதுதான் டிராஃப்ட். சிட்டகாங் ஜெட்டிகளுக்கு, அதாவது கப்பல் வந்து அணையும் மேடைகளுக்கு, நெடுங்காலம் 9.5 மீட்டர் டிராஃப்ட், 190 மீட்டர் நீளம் என்பதே உச்சவரம்பு. 2023-இல் அது 10 மீட்டர், 200 மீட்டர் ஆனது. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி எந்தக் கணக்கையும் போடாதீர்கள். 10 மீட்டர் என்பது துறைமுகத்தின் உச்சவரம்பு. உங்களுக்கு வேண்டியது உங்கள் கப்பல் போகும் ஜெட்டியின் வரம்பு, அதுவும் நீங்கள் போகும் நாளுக்குரியது. கர்ணபுலி வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் ஆறு. வாயில் மணல்திட்டு, உள்ளே வளைவுகள். பெரிய கப்பல்கள் கடல் ஏற்றத்தில்தான் நுழையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமியில் தண்ணீர் அவ்வளவு எழாது. ஆகவே ஒரே ஜெட்டிக்கு ஒரு வாரம் கிடைக்கும் டிராஃப்ட் அடுத்த வாரம் கிடைக்காமல் போகலாம்.

ஏஜென்டிடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த ஜெட்டி, எந்தத் தேதிகளில் எவ்வளவு டிராஃப்ட், ஆற்றுநீரின் அடர்த்தி எவ்வளவு. மூன்றாவதைக் கேட்டால் சில ஏஜென்ட்கள் விழிப்பார்கள். விடாதீர்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படியே கிடையாது.

எவ்வளவு இறக்கணும்: கணக்கு

நம் உதாரணக் கப்பல் 57,000 டன் சுமக்கும் சூப்பராமேக்ஸ் வகை. ஐந்து ஹோல்டு, நான்கு கிரேன். உள்ளே 52,500 டன் கோதுமை. கடலில் நிற்கும்போது முன்னும் பின்னும் சமமாக 12.30 மீட்டர் டிராஃப்ட். அன்றைக்கு ஜெட்டிக்கு அனுமதி 9.50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

கப்பலை ஒரு சென்டிமீட்டர் எழுப்ப எத்தனை டன் எடுக்க வேண்டும் என்பதற்குக் கப்பலின் ஹைட்ரோஸ்டாடிக் அட்டவணையில் எண் இருக்கும். இந்த அளவுக் கப்பலுக்கு சராசரியாக 57.5 டன். 12.30-லிருந்து 9.50-க்கு வர 280 சென்டிமீட்டர். 280-ஐ 57.5-ஆல் பெருக்கினால் 16,100 டன். புதியவர்கள் இங்கே பேனாவை மூடிவைத்துவிடுவார்கள்.

கடல்நீரைவிட ஆற்றுநீர் லேசானது. அதில் கப்பல் இன்னும் அமிழும். எவ்வளவு என்பதற்கு எளிய வழி உண்டு. கப்பலின் மொத்த எடையை, சென்டிமீட்டருக்கான டன்னின் நான்கு மடங்கால் வகுத்தால், சுத்தமான நன்னீரில் எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாக அமிழும் என்று வரும். இறக்கிய பிறகு நம் கப்பலின் மொத்த எடை சுமார் 47,750 டன் இருக்கும். அந்த ஆழத்தில் சென்டிமீட்டருக்கு 56.5 டன். வகுத்தால் 211 மில்லிமீட்டர். கர்ணபுலி நீர் முழு நன்னீர் அல்ல, உப்பும் கலந்தது. அடர்த்தி 1.010 என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால், 1.025-க்கும் 1.000-க்கும் இடைப்பட்ட 25-இல் 15 பங்கு. ஆக 127 மில்லிமீட்டர், அதாவது 13 சென்டிமீட்டர். மழைக்காலத்தில் ஆறு பெருகி உப்பு குறையும். அப்போது இது இன்னும் கூடும். வெளிக்கடலிலேயே நீர் 1.025 இருக்காது என்பதும் உண்டு. அதனால்தான் ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள் என்கிறேன். மேல்நீரை மட்டும் மொண்டால் போதாது, கொஞ்சம் ஆழத்திலிருந்தும் எடுக்க வேண்டும். ஆற்றுவாயில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் தனித்தனியாக ஓடும்.

அப்புறம் கப்பல் உடம்பும் நேராக இருக்காது. சரக்கு இருக்கும் இடத்தைப் பொறுத்து நடுவில் கொஞ்சம் தொய்யும், அல்லது வளைந்து எழும்பும். நடு தொய்ந்தால் முன்பின் டிராஃப்ட் சரியாக இருந்தும் நடுவயிறு தரை தட்டும். இதற்கும் சின்னச் சின்னப் பிழைகளுக்கும் சேர்த்து 7 சென்டிமீட்டர் வைப்போம்.

ஆக, கடலில் நாம் எட்ட வேண்டியது 9.50 அல்ல, 9.30. மூன்று மீட்டர் எழுப்ப வேண்டும். 300-ஐ 57.5-ஆல் பெருக்கினால் 17,250 டன். முதலில் வந்த எண்ணுக்கும் இதற்கும் 1,150 டன் வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரு லைட்டர் முழுச் சரக்கு. இதைக் கப்பல் கிளம்பும் நேரத்தில் கண்டுபிடித்தால், இன்னொரு லைட்டரைத் தேடி, ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு, ஏற்றத்தையும் தவறவிட்டு உட்கார வேண்டியதுதான்.

எங்கிருந்து இறக்கணும்: இங்கேதான் நிதானம் வேண்டும்

சரக்கை எடுத்தால் கப்பல் எழும், சரிதானே? எப்போதும் இல்லை.

நம் கப்பலில் 1-ஆம் ஹோல்டு நடுவிலிருந்து சுமார் 65 மீட்டர் முன்னால் இருக்கிறது. அதிலிருந்து மட்டும் 1,000 டன் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தக் கப்பல் 17 சென்டிமீட்டர் எழும். ஆனால் முன்பக்கத்தில் எடை குறைந்ததால் கப்பல் சீசா மாதிரி சாயும். முன்பக்கம் 64 சென்டிமீட்டர் எழுந்துவிடும். பின்பக்கமோ 29 சென்டிமீட்டர் இன்னும் கீழே போகும். ஆயிரம் டன் குறைத்திருக்கிறீர்கள், ஆனால் கப்பலின் ஆழமான பகுதி முன்னைவிட ஆழமாகிவிட்டது. துறைமுகம் பார்ப்பது சராசரியை அல்ல. எது அதிகமோ அதை.

நான் சேர்ந்த புதிதில் இதைக் கண்ணால் பார்த்தேன். முதலில் வந்த இரண்டு லைட்டர்களும் முன்பக்கம் கட்டிவிட்டன. வேலையாட்களின் கேங்கும் முன்பக்கம் ஏறிவிட்டது. பின்பக்கக் கிரேனில் ஏதோ கோளாறு, மாலைக்குள் சரியாகும் என்றார்கள். சரி, ஆட்கள் சும்மா இருக்க வேண்டாம் என்று முன்னாலேயே ஆரம்பித்தோம். மாலை இரவானது, இரவு மறுநாளானது. காலையில் படகில் போய்ப் பின்பக்க டிராஃப்ட் எண்களைப் பார்த்தபோது, வந்தபோது தெரிந்த கோடு தண்ணீருக்குள் இருந்தது. சீஃப் ஆபீசர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. ‘2-இலும் 4-இலும் சமமாக எடுப்போம், நடுவில் 3 இருக்கிறது, பாரம் சமமாக இருக்கும்’ என்று தோன்றும். கப்பலின் படத்தை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் அறை பின்னால் இருக்கிறது. ஆகவே ஐந்து ஹோல்டுகளின் வரிசையே கொஞ்சம் முன்னுக்குத் தள்ளித்தான் நிற்கிறது. நம் கப்பலில் 2-ஆம் ஹோல்டின் மையம் கப்பலின் நடுவிலிருந்து 37 மீட்டர் முன்னால். 4-இன் மையம் வெறும் 18 மீட்டர் பின்னால். 5-இன் மையம் 45 மீட்டர் பின்னால். 2-இலும் 4-இலும் ஆளுக்கு 8,000 டன் எடுத்தால் பின்பக்கம் முன்பக்கத்தைவிட இரண்டு மீட்டருக்கு மேல் அதிகமாக அமிழ்ந்து நிற்கும்.

சரியான பங்கு இப்படி வரும்: 2-லிருந்து 6,000, 4-லிருந்து 10,000, 5-லிருந்து 1,000. முன்னால் எடுத்த டன்னையும் தூரத்தையும் பெருக்கினால் 2,22,000. பின்னால் எடுத்ததற்கு 2,25,000. ஏறக்குறைய சமம். மீதி 250 டன்னை எந்த ஹோல்டுக்கும் ஒதுக்காதீர்கள். கடைசியில் டிராஃப்ட் பார்த்துவிட்டு, முன்பக்கம் அதிகம் இருந்தால் 1-லிருந்து, பின்பக்கம் அதிகம் இருந்தால் 5-லிருந்து எடுங்கள். 1-லிருந்து 100 டன் எடுத்தாலே முன்பின் வித்தியாசம் 9 சென்டிமீட்டர் மாறும். சமையலில் கடைசியாகப் போடும் உப்பு மாதிரி இது, முன்கூட்டியே கொட்டிவிடக் கூடாது.

இந்தப் பங்கைக் கப்பலின் லோடிங் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும், அது கட்டாயம். 4 கிட்டத்தட்டக் காலி, 3-உம் 5-உம் நிறைவு என்றால் அந்தச் சுவர்களின் மேல் வரும் விசை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறதா? இறுதி நிலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு 2,000 டன்னுக்கும் ஒரு இடைநிலையைப் போட்டுப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் நன்றாக இருந்து, நடுவில் ஒரு ராத்திரி கப்பல் வரம்பைத் தாண்டி வளைந்து நிற்பது நடக்கக்கூடியதே.

கோதுமைக்கென்று தனியாக ஒரு கவலையும் உண்டு. நிறைந்த ஹோல்டில் தானியம் அசைய இடமில்லை. பாதி காலியான ஹோல்டில் அது கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி. கப்பல் சாய்ந்தால் அதுவும் ஒருபக்கம் சரியும். நம் திட்டத்தில் 2-ஆம் ஹோல்டு ஏறக்குறையப் பாதியில் நிற்கிறது, சரிவுக்கு மோசமான நிலை அதுதான். கடலிலிருந்து ஜெட்டிக்குப் போவது குறுகிய பயணம்தான், என்றாலும் தானியத்துக்கான நிலைத்தன்மைக் கணக்கைப் போடாமல் கிளம்பக் கூடாது. மேற்பரப்பை மேடு பள்ளமில்லாமல் நிரவச் சொல்லுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் திட்டத்தை மாற்றி, குறைவான ஹோல்டுகளை அதிகமாகக் காலிசெய்யும் வழியைப் பாருங்கள்.

லைட்டரை எடுப்பதற்கு முன்

சிட்டகாங்கில் லைட்டர்கள் வரிசைப்படி ஒதுக்கப்படும். பெரிய நிறுவனங்கள் சொந்தமாகவும் வைத்திருக்கின்றன. ஒரு லைட்டர் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் டன் வரை எடுக்கும். சராசரி 1,300 என்று வைத்தால் நமக்கு 13, 14 லைட்டர் வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். தாய்க்கப்பலின் பக்கத்தில் ஒரே நேரத்தில் மூன்று அல்லது நான்குதான் நிற்க முடியும். மற்றவை சும்மா மிதக்கும், மீட்டர் ஓடும். குறைவாகக் கேட்டாலோ கிரேன் சும்மா நிற்கும். லைட்டர்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு நாராயண்கஞ்சுக்கோ நோவாபாராவுக்கோ ஆறு வழியாகப் போய், அங்கே இறக்கி, திரும்பிவரப் பல நாள் ஆகும். முதல் நாள் போன லைட்டர் நம் கப்பலின் வேலை முடிவதற்குள்ளேயே மறுபடி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஒவ்வொரு லைட்டருக்குள்ளும் இறங்கிப் பாருங்கள். ஏணி வழியாக அதன் கிடங்குக்குள், டார்ச்சோடு. நேற்று கிளிங்கர் ஏற்றிய லைட்டர் இன்று கோதுமைக்கு வரும். ஓரங்களில், பலகை இடுக்குகளில், சட்டங்களின் மேல் சாம்பல் நிறத் தூள் இருக்கும். கையை வைத்துத் துடைத்துப் பாருங்கள். கழுவியிருந்தால் ஈரம் காய்ந்ததா என்று பாருங்கள். ஈரத்தில் கொட்டிய கோதுமை நாராயண்கஞ்ச் போவதற்குள் புளித்த வாடை வீசும். உரம் ஏற்றிய லைட்டர் என்றால் மூக்கே சொல்லிவிடும். மேல்மூடியின் தார்ப்பாய் கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். சரியில்லாத லைட்டரைத் திருப்பி அனுப்பினால் அன்று முழுக்க எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

கட்டி, இறக்கி

நங்கூரமிட்ட கப்பல் நீரோட்டத்தோடு திரும்பிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றம் வற்றமாகும், கப்பலின் முகம் எதிர்ப்பக்கம் போகும். அந்தத் திருப்பத்தில் பக்கத்தில் கட்டியிருக்கும் லைட்டர்களின் கயிறுகள் ஒருபக்கம் இறுகும், மறுபக்கம் தொய்யும். லைட்டரில் சரக்கு ஏற ஏற அது அமிழும். தாய்க்கப்பலில் சரக்கு இறங்க இறங்க அது எழும். ஆக, காலையில் கட்டிய கயிறு மாலையில் வேறு கோணத்தில் நிற்கும். கயிறு பார்க்க மட்டும் ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும். நீரோட்டம் மாறும் நேரத்தைப் பணிப்பலகையில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். புதிய லைட்டரைக் கட்டுவதும் பழையதை அவிழ்ப்பதும் நீரோட்டம் அடங்கிய நேரத்தில் நடந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

லைட்டர்களின் பக்கவாட்டில் பழைய லாரி டயர்கள் வரிசையாகத் தொங்கும். அவைதான் மெத்தை. அலை இருக்கும்போது இரண்டு இரும்புச் சுவர்களுக்கு நடுவே டயர் நசுங்கிக் கீச்சிடும். அந்த இடைவெளியில் கையோ காலோ போகக் கூடாது. லைட்டரிலிருந்து தாய்க்கப்பலுக்கு எட்டித் தாவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தடுத்தும் இருக்கிறேன். கயிற்றேணியைச் சரியாகக் கட்டி, மேலே வெளிச்சம் போட்டு, ‘இங்கே மட்டும்தான் ஏறணும்’ என்று வைத்தால் தாவுகிறவர்கள் குறைவார்கள்.

கிரேனின் நுனியில் கிராப், அதாவது சரக்கை அள்ளும் இரும்பு வாய், தொங்குகிறது. 12 கனமீட்டர் கிராப் ஒரு வாய்க்கு எட்டு, ஒன்பது டன் கோதுமை அள்ளும். ஹோல்டுக்குள் இறங்கி, வாய் மூடி, மேலே வந்து, கப்பலின் ஓரத்தைத் தாண்டி, லைட்டருக்கு மேல் நின்று திறந்து, திரும்புவதற்கு நான்கு நிமிடம். ஒரு கிரேனுக்கு மணிக்கு 120 டன், மூன்று கிரேன் என்றால் 360, ஆக இரண்டு நாளில் முடியும். இது காகிதத்தில். நிஜத்தில் சாப்பாட்டு நேரம், லைட்டர் மாற்றம், கிராப் பழுது, தூறல் எல்லாம் சேர்ந்து ஐந்து நாள் என்று வையுங்கள். முன்பே முடிந்தால் சந்தோஷம்.

கிராப்பின் வாய் சரியாக மூடாவிட்டால் போகும் வழியெல்லாம் கோதுமை மணி கொட்டும். கப்பலின் ஓரத்திலிருந்து லைட்டர் வரை ஒரு தார்ப்பாயைச் சரிவாகக் கட்டினால் சிந்தும் கோதுமை கடலுக்குப் போகாமல் லைட்டருக்குள் வழுக்கி விழும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் கப்பலைச் சுற்றி மீன் கூட்டம் கூடும், கணக்கில் துண்டு விழும்.

ஹோல்டின் நடு காலியானதும் ஓரத்தில் நிற்கும் கோதுமைச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதன் அடியில் யாரும் நிற்கக் கூடாது. சரிந்தால் சத்தமே கேட்காது. மூடியிருந்த ஹோல்டுக்குள் இறங்குமுன் காற்றைச் சோதியுங்கள். பூச்சிமருந்து போட்ட கப்பல் என்றால் அந்த மருந்தின் வாயு போய்விட்டது என்ற சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இதில் ‘பரவாயில்லை, கொஞ்ச நேரம்தானே’ என்பதற்கு இடமே கிடையாது.

மேகம் கறுத்தால் முதலில் ஹோல்டின் வாயான ஹேட்சை மூடுவது, பிறகு மற்ற பேச்சு. வங்காள விரிகுடாவில் மழை சொல்லிவிட்டு வராது. மூடுவதற்குப் பத்து நிமிடம் ஆகும் என்றால், மழை பதினைந்து நிமிடத்தில் வரும் என்று தெரியும்போதே மூட ஆரம்பிக்க வேண்டும். லைட்டரையும் மறக்காதீர்கள். தாய்க்கப்பலின் மூடியைப் பார்க்க ஆள் இருப்பார். லைட்டரின் தார்ப்பாய் ஓரத்தில் சுருட்டிக் கிடக்கும்.

தென்மேற்குப் பருவம் என்றால் மழையைவிட அலைதான் பெரிய சிக்கல். தெற்கிலிருந்து நீண்ட அலை வரும். தாய்க்கப்பல் கொஞ்சம்தான் அசையும், லைட்டர் குதிக்கும். வங்கதேசத்துத் துறைமுகங்களில் 3-ஆம் எண் எச்சரிக்கை ஏற்றினார்கள் என்றால் வெளிக்கடல் வேலை நின்றதாகவே வையுங்கள். லைட்டர்கள் ஆற்றுக்குள் ஓடி ஒதுங்கும். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் வரும் கப்பலுக்கு ஐந்து நாள் வேலை பத்து நாள் ஆனால் யாரையும் குறை சொல்ல முடியாது.

பணம் யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம்

லைட்டர் கூலி யார் கொடுப்பது, வெளிக்கடலில் இறக்கிய நேரம் கணக்கில் சேருமா, கடலிலிருந்து ஜெட்டிக்கு நகரும் நேரம் யார் தலையில், அலையால் நின்ற நேரம் யார் தலையில்: இந்த நான்குக்கும் கப்பல் ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் டெமரேஜ் (கப்பலைத் தாமதப்படுத்தியதற்கான கட்டணம்) பில் வரும்போது இரண்டு பக்க வக்கீல்களும் பிழைத்துக்கொள்வார்கள். வேலை நின்ற ஒவ்வொரு முறையும் மணி, நிமிடம், காரணம் மூன்றையும் எழுதி, அன்றே எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு நாள் கழித்து அந்த மழை எத்தனை மணிக்கு வந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எண்ணெய்க் கப்பல் என்றால்

கதை வேறு. கிரேனுக்குப் பதில் ரப்பர் குழாய், டயருக்குப் பதில் பெரிய காற்றடைத்த மிதவை மெத்தைகள், எல்லாவற்றுக்கும் மேல் தீப்பொறி பயம். வங்கதேசத்தின் ஈஸ்டர்ன் ரிஃபைனரிக்குக் கச்சா எண்ணெய் நெடுங்காலம் இப்படித்தான் வந்தது. குதுப்தியா தீவுக்கு அருகே பெரிய டேங்கர் நிற்கும். பங்ளார் ஜ்யோதி, பங்ளார் ஷௌரப் என்ற இரண்டு சின்ன டேங்கர்கள் அதிலிருந்து எடுத்துவந்து பதேங்காவில் இறக்கும். ஒரு டேங்கரைக் காலிசெய்யப் பத்துப் பதினொரு நாள் ஆகும். 2024 செப்டம்பர் 30-இல் ஜ்யோதியில் வெடிப்பு, சில நாட்களிலேயே ஷௌரப்பில் தீ. இரண்டிலும் உயிர்கள் போயின. கடலில் மிதக்கும் இணைப்பு முனையையும் கடலடிக் குழாயையும் அமைத்தால் இந்தச் சுமந்துவரும் வேலையே வேண்டாம் என்பதுதான் அங்கே பல ஆண்டுகளாக நடந்த திட்டம். திரவச் சரக்கைப் பற்றி இதற்கு மேல் சொல்ல இந்தக் கட்டுரை போதாது. அதற்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் இல்லாமல் கிட்டவே போகக் கூடாது.

கடைசி அளவு, பிறகு ஆறு

17,000 டன் இறக்கியாயிற்று என்று லைட்டர் கணக்கு சொல்கிறது. நம்பாதீர்கள். கிராப் எண்ணிக்கையை டாலி கிளார்க் எழுதியிருப்பார், லைட்டர்காரர் தன் பக்கக் கோட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பார், இரண்டும் ஒத்துப்போகாது. கப்பலையே தராசாக வைத்துப் பார்ப்பதுதான் வழி. படகில் சுற்றிவந்து முன், நடு, பின் என்று இரண்டு பக்கமும் ஆறு இடத்தில் டிராஃப்ட் பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தப்பினால் 57 டன் தப்பு. அலை எண்களின் மேல் ஏறி இறங்கும்போது மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் பலமுறை பார்த்து நடுவை எடுங்கள். ஓர் அலை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு வருபவர் கடலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்.

இப்போதுதான் அந்த ஒதுக்கிவைத்த 250 டன். முன்பின் பார்த்து எடுத்து, மறுபடி அளந்து, 9.30 வந்ததும் ஹேட்ச்களை மூடி, கப்பலுக்கு உள்ளே வழிகாட்டும் துறைமுகப் பைலட்டுக்குச் சொல்லுங்கள். அவரிடம் கொடுக்கும் தாளில் முன், பின், நடு மூன்று டிராஃப்டும் இருக்கட்டும், எந்த அடர்த்தியில் பார்த்தது என்பதும் இருக்கட்டும்.

உள்ளே போகும்போது வேகத்தைப் பற்றி ஒன்று. ஓடும் கப்பல் நிற்கும் கப்பலைவிட ஆழமாக அமிழும். நம் மாதிரிக் கப்பல் 8 நாட் (மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர்) வேகத்தில் திறந்த, ஆழம் குறைந்த நீரில் அரை மீட்டருக்கு மேல் அமிழும். குறுகிய கால்வாயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகத்தைப் பாதியாக்கினால் அது கால்வாசியாகிவிடும். ஐந்து நாள் கஷ்டப்பட்டு எழுப்பிய மூன்று மீட்டரில் ஒரு பங்கை அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் தொலைக்க முடியும். துறைமுகம் சொன்ன டிராஃப்டில் இதற்கும் இடம் விட்டிருப்பார்கள், ஆனால் பைலட் மெதுவாகப் போகச் சொன்னால் எஞ்சின் அறைக்கு அதை உடனே சொல்லுங்கள்.

ஜெட்டியில் கட்டியதும் எல்லோரும் தூங்கப் போய்விடாதீர்கள். நீங்கள் வந்தது ஏற்றத்தில். இன்னும் சில மணியில் வற்றம். ஜெட்டியடியில் வற்றத்தின்போது எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். கயிறுகளை விட்டுக்கொடுத்துக்கொண்டே, அளவுக்கயிற்றைப் பக்கத்தில் இறக்கிப் பார்த்துக்கொண்டே இருங்கள். முடிந்தால் கட்டிய அரைமணியில் கரையிலுள்ள தானியக் கிடங்கான சைலோவின் உறிஞ்சுகுழாய் 3-ஆம் ஹோல்டுக்குள் இறங்கிவிட வேண்டும். அது நடுவுக்கு அருகில் இருப்பதால், அங்கிருந்து எடுக்கும்போது முன்பின் அதிகம் சாயாது. தண்ணீர் இறங்குவதோடு கூடவே கப்பலும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்.